இசிஜி நார்மல், எக்கோ நார்மல், ஆனாலும் மூச்சு வாங்குகிறது: அப்பாவுக்கு ஊதும் டெஸ்ட் மறுபடி எடுக்க வேண்டுமா?

வேடசந்தூரான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 58 வயது. வேடசந்தூர் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் முப்பது வருடத்துக்கு மேலாக வேலை, அதிலும் பெரும்பகுதி புளோரூமும் கார்டிங்கும்தான் (பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்து சிக்கெடுக்கிற பிரிவுகள்). பீடிப் பழக்கம் இருந்தது, விட்டுவிட்டார். சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறார். ஆடி மாதத்திலிருந்து மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, காலையில் இருமல், சில நாள் நெஞ்சு இறுக்கமாக இருக்கிறது என்கிறார்.

முதலில் உள்ளூர் கிளினிக் ஒன்றில் இசிஜி எடுத்தோம். துடிப்பு, சீர் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். ஆனால் பேப்பரின் மேல் ஓரத்தில் மெஷினே ஒரு வரி அச்சடித்திருந்தது: ஆன்டீரியர் இன்ஃபார்க்ட் இருக்கலாம், எப்போது வந்தது என்று சொல்ல முடியாது என்கிற மாதிரி. அதாவது எப்போதோ மாரடைப்பு வந்துபோயிருக்கிறது என்று. அதைப் படித்துவிட்டுத் தங்கை அழ ஆரம்பித்துவிட்டாள். உடனே எக்கோ எடுத்தோம், இதயம் 62 சதவீதம் பம்ப் செய்கிறது, சுவர் அசைவில் ஒரு குறையும் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது.

அப்புறம் திண்டுக்கல்லில் ஒரு ஆஸ்பத்திரியில் பி.எஃப்.டி எழுதிக் கொடுத்தார்கள், குழாயில் ஊதுகிற டெஸ்ட். அப்பாவுக்கு என்ன செய்ய வேண்டும் என்றே புரியவில்லை, ஊதினார், இருமினார், களைத்துப் போனார், இரண்டு மூன்று தடவையோடு முடித்து அனுப்பிவிட்டார்கள். ரிப்போர்ட்டில் எஃப்.வி.சி 1.82 லிட்டர், எஃப்.இ.வி.1 1.35 லிட்டர், விகிதம் 74 சதவீதம். கீழே 'ரெஸ்ட்ரிக்‌ஷன்' (நுரையீரல் முழுதாக விரியவில்லை) என்று போட்டு, அதற்கும் கீழே எஃபர்ட், அதாவது ஊதிய முயற்சி, போதவில்லை என்று எழுதியிருக்கிறது.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். இசிஜி மெஷின் சொன்னதை நம்புவதா, எக்கோ சொன்னதை நம்புவதா? இதயம் நன்றாக இருக்கிறது என்றால் ஊதும் டெஸ்ட்டை மறுபடி எடுத்துத்தான் ஆக வேண்டுமா, அப்பா வேண்டாம் என்கிறார். பெரியப்பாவுக்கு ஆபரேஷன் முடிந்தபோது கொடுத்த மூன்று பந்து வைத்த கருவி வீட்டில் சும்மா கிடக்கிறது, அதில் ஊதிப் பார்த்தால் போதாதா?

இசிஜி_மாலா எழுதியது:

தம்பி, முதலில் தங்கையைச் சமாதானப்படுத்துங்கள். மெஷின் அச்சடிக்கும் அந்த வரி டாக்டர் சொன்ன முடிவு கிடையாது. கோடுகளை அளந்து, ஒரு விதியோடு ஒப்பிட்டு, பொருந்துகிற வாசகத்தை அது போட்டுவிடுகிறது. நான் மதுரையில் இசிஜி டெக்னீஷியன், இந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டுப் பயந்துபோய் வருகிற குடும்பங்கள் நிறைய.

அந்த வரி ஏன் வருகிறது என்று சொல்கிறேன். நெஞ்சில் ஒட்டும் ஆறு எலக்ட்ரோடில் வி1, வி2, வி3 மூன்றிலும் ஆர் அலை, அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் மேலே எழும் கூர்மையான கோடு, கொஞ்சம் கொஞ்சமாக வளர வேண்டும். வளராமல் குட்டையாகவே இருந்தால், இதயத்தின் முன்பக்கத் தசை செத்துப்போயிருக்கலாம் என்று மெஷின் கணக்குப் போடும். ஆனால் அது குட்டையாகத் தெரிய வேறு காரணங்களும் உண்டு. முதல் காரணம் எங்கள் கையில்தான் இருக்கிறது, வி1, வி2 இரண்டையும் மேலே தூக்கி ஒட்டிவிடுவது. இது எல்லா ஊரிலும் நடக்கிறது. சரியான இடம் நாலாவது விலா இடைவெளி. தொண்டைக்குழியிலிருந்து விரலை நெஞ்செலும்பு வழியாக இறக்கினால் ஒரு மேடு தட்டும், அதை ஒட்டி இருப்பது இரண்டாவது விலா, அதற்குக் கீழே இரண்டாவது இடைவெளி, அங்கிருந்து இன்னும் இரண்டு இறங்க வேண்டும். கூட்டம் நிற்கும்போது இப்படி விரல் வைத்து எண்ணுகிறவர்கள் குறைவு, கண்ணால் பார்த்தே ஒட்டிவிடுகிறார்கள். வி1 வலது பக்கம், வி2 இடது பக்கம், வி4 ஐந்தாவது இடைவெளியில் காறை எலும்பின் நடுவிலிருந்து நேர் கீழே, வி3 இவற்றின் நடுவில், வி5, வி6 அதே மட்டத்தில் அக்குள் பக்கமாக.

இன்னொரு காரணம் நுரையீரல். பல வருடம் பீடியும் தூசியும் போய் நுரையீரல் ஊதிப் பெருத்தவர்களுக்கு உதரவிதானம் கீழே இறங்கிவிடும், இதயமும் அதோடு செங்குத்தாகக் கீழே தொங்கும். நாம் சரியான இடத்தில் ஒட்டினாலும் இதயத்தைப் பொறுத்தவரை அது உயரமான இடம்தான். அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு இடைவெளி கீழே இறக்கி ஒட்டி எடுத்தால் ஆர் அலை வளர்ந்து தெரிவதை நானே பார்த்திருக்கிறேன். அப்பா செய்த வேலையைப் படித்ததும் எனக்கு அதுதான் தோன்றியது, ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர்.

மறுபடி இசிஜி எடுக்கப் போனால் நீங்களும் கவனியுங்கள். வலது கை சிவப்பு, இடது கை மஞ்சள், இடது கால் பச்சை, வலது கால் கறுப்பு. கை இரண்டும் மாறிவிட்டால் லீடு 1 என்கிற கோடு தலைகீழாக வரும், அதுவே தேவையில்லாத ஒரு பயத்தைக் கிளப்பும். பேப்பரில் வேகம் 25 மி.மீ, உயரம் 10 மி.மீ என்று இருக்கிறதா பாருங்கள். அப்பா நடுங்கக் கூடாது, குளிரில் படுக்க வைத்தால் கோடு முழுக்க நடுக்கம்தான் பதியும். அப்புறம் பழைய இசிஜி எதையும் தூக்கிப் போடாதீர்கள், புதியதை எதோடு ஒப்பிடுவது என்பதுதான் டாக்டர் முதலில் கேட்பார். அந்தப் பளபளப்பான பேப்பர் வெயிலிலும் சூட்டிலும் வெளுத்துப் போகும், இன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள்.

தென்காசி_ஃபிசிஷியன் எழுதியது:

மாலா அவர்கள் சொன்னது சரி. எக்கோவில் சுவர் அசைவு நன்றாக இருக்கும்போது, இசிஜியில் முன்பக்கத்தில் பெரிய பழைய மாரடைப்பு என்று மெஷின் சொல்வதை நான் அப்படியே ஏற்க மாட்டேன். ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்வியில் 'இதயம் நன்றாக இருக்கிறது என்றால்' என்று இருக்கிறது. படுத்திருக்கும்போது எடுத்த ஒரு நார்மல் இசிஜியும் ஒரு நார்மல் எக்கோவும் ரத்தக் குழாயில் அடைப்பே இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. இசிஜி என்பது அந்தப் பத்து நொடியில் இதயத்தின் மின்சாரம் எப்படி ஓடியது என்பதன் பதிவு. நடக்கும்போது மட்டும் ரத்தம் போதாமல் போகிறவருக்கு, ஓய்வில் எடுத்த கோடு அழகாகவே இருக்கும். சர்க்கரை உள்ளவர்களுக்கு நெஞ்சுவலியே இல்லாமல் மூச்சுவாங்கல் மட்டுமே இதய நோயின் அடையாளமாக வருவதும் உண்டு. ஆகவே டிரெட்மில் டெஸ்ட்டோ வேறு ஏதாவதோ தேவையா என்று உங்கள் டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். மூச்சு மிகவும் வாங்குகிறவர் டிரெட்மில்லில் போதிய தூரம் ஓட முடியாது, அதனால் அவர் வேறு வழியைச் சொல்லலாம்.

இசிஜி எதில் கில்லாடி என்பதையும் சொல்லிவிடுகிறேன். இப்போது நடந்துகொண்டிருக்கும் பெரிய மாரடைப்பு, சீரற்ற துடிப்பு, மின்பாதை அடைபட்டுத் துடிப்பு குறைந்து போவது, பொட்டாசியம் ஏறிப் போவது, சில மருந்துகளால் க்யூ.டி இடைவெளி (ஒரு துடிப்பின் மின்சாரம் ஓடி அடங்க எடுக்கும் நேரம்) நீளுவது. இதையெல்லாம் சில நிமிடத்தில், மிகக் குறைந்த செலவில் காட்ட இதை விட நல்ல கருவி கிடையாது. நெஞ்சுவலி என்று ஒருவர் வந்தால் 10 நிமிடத்துக்குள் இசிஜி எடுத்து அதைப் பார்த்தும் ஆக வேண்டும் என்பது உலகம் முழுக்க உள்ள நடைமுறை. அது நார்மலாக இருந்து வலி தொடர்ந்தால், 15 முதல் 30 நிமிட இடைவெளியில் மறுபடி எடுக்க வேண்டும், டிரோபோனின் என்கிற ரத்த டெஸ்ட் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் முதுகுப் பக்கத்திலும் வலது நெஞ்சிலும் ஒட்டி எடுக்க வேண்டும். ஒரே ஒரு இசிஜி எடுத்து, நார்மல், கேஸ் ட்ரபிள் என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் சில மணி நேரத்தில் திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

அப்பாவுக்கு என்றாவது வியர்வையோடு நெஞ்சு இறுக்கம் வந்து, ஓய்வெடுத்தும் அடங்கவில்லை என்றால் நுரையீரல்தான் காரணம் என்று நினைத்துக் காத்திருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். தமிழக அரசின் 'இதயம் காப்போம்' திட்டத்தில் 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின் மாத்திரைகளை முதல் டோஸாகக் கொடுத்து அனுப்புகிறார்கள், அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

குமரவேல்76 எழுதியது:

இடையில் ஒரு கேள்வி. என் வாட்ச்சில் இசிஜி வருகிறது, இதை அவர் அப்பாவுக்குக் கட்டிப் பார்த்தால் தெரியாதா? ரிசல்ட்டை வாட்ஸ்அப்பில் டாக்டருக்கு அனுப்பிவிடலாமே.

தென்காசி_ஃபிசிஷியன் எழுதியது:

குமரவேல், வாட்ச் எடுப்பது ஒரே ஒரு லீடு, இரண்டு கைக்கும் இடையில் உள்ள லீடு 1 மட்டும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்கிற சீரற்ற துடிப்பைப் பிடிக்க அது உண்மையிலேயே உதவும், எப்போதாவது வந்து போகிற படபடப்பை அந்த நேரத்திலேயே பதிந்து கொண்டுவருகிறவர்களால் எனக்கு வேலை எளிதாகியிருக்கிறது. ஆனால் மாரடைப்பை அது பார்க்காது. பத்து எலக்ட்ரோடு வைத்துப் பன்னிரண்டு கோணத்தில் பார்க்கிற இசிஜி அதற்குத்தான். வாட்ச் நார்மல் என்று காட்டியது என்பதற்காக நெஞ்சுவலியோடு வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது.

அனுப்பலாமா என்று கேட்டீர்கள், தாராளமாக அனுப்பலாம், அது இசிஜி பிறந்த காலத்திலிருந்தே இருக்கிற பழக்கம்தான். நெதர்லாந்தின் லைடன் நகரில் எய்ன்தோவன் வைத்திருந்த மெஷின் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாத அளவுக்குப் பெரிது, நோயாளி கைகாலை உப்புத் தண்ணீர்த் தொட்டியில் வைத்துக்கொள்வார். அதனால் 1905-ல் ஆஸ்பத்திரியிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி இருந்த தன் ஆய்வகத்துக்குத் தொலைபேசிக் கம்பி வழியாகவே அவர் இசிஜியை வரவழைத்தார். 1924-ல் நோபல் பரிசு கிடைத்தது. இன்றைக்கு அனுப்பும்போது பேப்பரை மடிப்பில்லாமல் விரித்து, நேர் மேலிருந்து, நிழல் விழாமல், பன்னிரண்டு லீடும் கட்டமும் தெளிவாகத் தெரியும்படி எடுத்து அனுப்புங்கள். பாதி வெட்டுப்பட்ட போட்டோவை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

நெஞ்சகநோய்_டாக்டர் எழுதியது:

நான் நுரையீரல் மருத்துவர், தினமும் பார்க்கிற வேலை இது. நேராகச் சொல்லிவிடுகிறேன்: மறுபடி எடுக்க வேண்டும், கட்டாயம். உங்களிடம் இப்போது இருக்கும் ரிப்போர்ட் அப்பாவின் நுரையீரலைப் பற்றி அநேகமாக ஒன்றுமே சொல்லவில்லை.

காரணம் கேளுங்கள். எஃப்.வி.சி என்பது நெஞ்சு நிறைய இழுத்து, கடைசி வரை வெளியே தள்ளுகிற மொத்தக் காற்று. எஃப்.இ.வி.1 என்பது அதில் முதல் ஒரு நொடியில் வெளியே வருவது. மூச்சுக்குழாய் சுருங்கியவர்களுக்கு மொத்தக் காற்று ஓரளவு இருந்தாலும் முதல் நொடியில் வருவது குறைவு, மிச்சம் மெல்ல மெல்லப் பத்து நொடிக்கு மேல்கூட வந்துகொண்டே இருக்கும். அப்பா இருமி, களைத்து, இரண்டு மூன்று நொடியில் நிறுத்தியிருப்பார். மெதுவாக வர வேண்டிய மிச்சக் காற்று கணக்கிலேயே வரவில்லை. அதனால் எஃப்.வி.சி குறைவாகப் பதிந்து, விகிதம் 74 என்று நல்ல பிள்ளையாகத் தெரிகிறது, மெஷின் ரெஸ்ட்ரிக்‌ஷன் என்று போட்டுவிட்டது. உண்மையில் இருக்கக்கூடிய மூச்சுக்குழாய் அடைப்பு அதற்குள் மறைந்துவிட்டது. இதை நம்பி யாராவது ஐ.எல்.டி-யாக (நுரையீரல் தழும்பேறி இறுகிப்போகும் நோய்) இருக்குமோ என்று சி.டி ஸ்கேன் பக்கம் போனால் காசும் நாளும் வீண்.

இசிஜிக்கு நோயாளி சும்மா படுத்திருந்தால் போதும். ஸ்பைரோமெட்ரிக்கு, அதாவது இந்த ஊதும் டெஸ்ட்டுக்கு, அவர் உழைக்க வேண்டும், உழைக்க வைக்கிறவர் பக்கத்தில் நிற்க வேண்டும், பாதி டெஸ்ட் டெக்னீஷியனின் குரலில்தான் இருக்கிறது. முழுசா இழுங்க, இழுங்க, இன்னும் இழுங்க, இப்ப ஒரே தள்ளு, விடாதீங்க, இன்னும், இன்னும், இன்னும் என்று கத்துகிற ஒருவர் வேண்டும். அடுப்பு ஊதுவது போல மெதுவாக ஆரம்பித்தால் வேலைக்கு ஆகாது, ஆரம்பமே வெடித்த மாதிரி இருக்க வேண்டும். உதடு மவுத்பீஸைச் சுற்றி இறுக்கமாக மூடியிருக்க வேண்டும், நாக்கு குறுக்கே வரக் கூடாது, மூக்கில் கிளிப். பல்செட் பொருத்தமாக இருந்தால் போட்டுக்கொண்டே ஊதலாம், லொடலொடவென்று ஆடினால் கழற்றிவிட வேண்டும். குறையில்லாத மூன்று ஊதல் வேண்டும், அதில் சிறந்த இரண்டுக்கும் இடையில் 150 மி.லி-க்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. அது வரும் வரை எட்டுத் தடவை வரை கூட முயற்சி செய்யலாம், நடுவில் ஓய்வு கொடுத்து. மூன்றோடு முடித்து அனுப்புவது வேலையை முடிக்கிற வழி, டெஸ்ட் இல்லை.

அதன்பிறகு 400 மைக்ரோகிராம் சால்புட்டமால், சாதாரண பஃப்பில் நான்கு தடவை, ஸ்பேசர் வைத்துக் கொடுத்து, 15 நிமிடம் உட்கார வைத்து மறுபடி ஊதச் சொல்ல வேண்டும். மருந்துக்குப் பிறகும் விகிதம் 0.70-க்குக் கீழே நின்றால், அறிகுறிகளும் பீடி, தூசி, அடுப்புப் புகை மாதிரியான பின்னணியும் சேர்ந்திருந்தால், அது சி.ஓ.பி.டி, அதாவது மூச்சுக்குழாய் நிரந்தரமாக அடைபட்டுப் போகும் நோய். மருந்துக்குப் பிறகு நன்றாக ஏறிவிட்டால் ஆஸ்துமா பக்கம் யோசிப்போம். மருந்துக்குப் பின் எடுக்காத ரிப்போர்ட்டை வைத்து சி.ஓ.பி.டி என்று முத்திரை குத்தக் கூடாது.

போவதற்கு முன்: ஏற்கெனவே இன்ஹேலர் எடுக்கிறாரா என்று சொல்லவில்லை. எடுத்தால் எதை எவ்வளவு நேரம் நிறுத்துவது என்று டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள், சாதாரண சால்புட்டமால் என்றால் 4 முதல் 6 மணி நேரம் முன்பு. மூச்சுத் திணறினால் எடுத்துவிடுங்கள், டெஸ்ட்டை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டாம், இறுக்கமான பெல்ட் வேண்டாம். உயரத்தைச் செருப்பைக் கழற்றிவிட்டு அளக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் 'இவருக்கு இவ்வளவு இருக்க வேண்டும்' என்கிற கணக்கு முழுக்க வயது, உயரம், ஆணா பெண்ணா என்பதில் நிற்கிறது. அந்தக் கணக்குச் சூத்திரம் மெஷினுக்கு மெஷின் வேறுபடும், எனவே இரண்டு இடத்து ரிப்போர்ட்டை ஒப்பிடும்போது சதவீதத்தை விட லிட்டரைப் பாருங்கள். சமீபத்தில் மாரடைப்பு, கண், வயிறு, நெஞ்சு, மூளை ஆபரேஷன் எதுவும் நடந்திருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், ஊதும்போது உள்ளே அழுத்தம் எகிறும். கேடராக்ட் செய்துகொண்டதைப் பெரியவர்கள் சொல்ல மறந்துவிடுகிறார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் முதலில் சளி டெஸ்ட் செய்து காசநோய் இல்லை என்று உறுதிசெய்யுங்கள், இந்த அறையில் எல்லோரும் பலமாக ஊதுகிறார்கள், இருமுகிறார்கள், மற்றவர்களுக்குப் பரவிவிடும்.

இன்னொன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. மூச்சு வாங்குகிறது என்று வருகிற எல்லோருக்கும் இசிஜி எடுக்கிறார்கள், எடுக்கத்தான் வேண்டும். ஆனால் வருடக் கணக்கில் இன்ஹேலர் எடுத்துக்கொண்டு, வாழ்க்கையில் ஒரு முறைகூட ஸ்பைரோமீட்டரில் ஊதாதவர்கள் என் ஓ.பி-யில் தினமும் வருகிறார்கள். சர்க்கரை பார்க்காமல் இன்சுலின் போடுவதை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டோம், இதை மட்டும் ஏன் ஒப்புக்கொள்கிறோம்? லண்டனில் ஹட்சின்சன் 1846-லேயே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஊத வைத்து அளந்து எழுதிவிட்டார், இசிஜியை விட மூத்த கருவி இது. 2016 கணக்குப்படி இந்தியாவில் சுமார் 5.5 கோடிப் பேருக்கு சி.ஓ.பி.டி. அதில் ஒரு பீடியும் தொடாமல் விறகடுப்பின் முன்னால் வாழ்க்கையைக் கழித்த பெண்களும் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கடைசியாகத்தான் இந்த டெஸ்ட் எழுதப்படுகிறது.

ஐசியு_சாந்தி எழுதியது:

மூன்று பந்துக் கருவியைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன். அதில் ஊதவே கூடாது, உறிஞ்ச வேண்டும். ஆபரேஷன் முடிந்து வலியால் ஆழமாக மூச்சு இழுக்காதவர்களுக்கு நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிவிடாமல் இருக்கக் கொடுக்கிற பயிற்சிக் கருவி அது. எத்தனை பந்து மேலே போகிறது என்பதை வைத்து நோய் எதையும் கண்டுபிடிக்க முடியாது. அதோடு அது பெரியப்பா வாய் வைத்தது, அப்பாவுக்குக் கொடுக்காதீர்கள்.

ஸ்பைரோமெட்ரி என்றால் ஆஸ்துமா, சி.ஓ.பி.டி மட்டும்தான் என்று நினைக்கிறவர்களுக்காக: கை கால் வலுவிழந்து வருகிற குல்லியன் பாரே என்ற நரம்பு நோய் உள்ளவர்களுக்கு நாங்கள் படுக்கையருகிலேயே சில மணி நேரத்துக்கு ஒரு முறை எஃப்.வி.சி பார்ப்போம். ஆக்ஸிஜன் அளவு 98 என்று காட்டிக்கொண்டே இருக்கும், ஆனால் மூச்சுத் தசை தளர்ந்து எஃப்.வி.சி இறங்கிக்கொண்டே வரும். எடையில் கிலோவுக்கு 20 மி.லி என்ற அளவை நெருங்கினால் வென்டிலேட்டருக்குத் தயாராகிவிடுவோம். விரலில் மாட்டுகிற கருவியை மட்டும் நம்பியிருந்தால் அது தெரியும்போது நேரம் கடந்திருக்கும்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. பலமாக ஊதும்போது சிறுநீர் கசியலாம், அதற்குப் பயந்தே பாதியில் நிறுத்துகிற அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன், வெளியே சொல்ல மாட்டார்கள். முன்னாலேயே கழிப்பறை போய்விட்டு வரச் சொல்லுங்கள், பேட் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வேடசந்தூரான் எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்னதையெல்லாம் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன், மூக்குக் கிளிப் எதற்கு, எவ்வளவு நேரம் ஊத வேண்டும் என்று தெரிந்ததும் அவரே வரச் சம்மதித்தார். சளி டெஸ்ட்டில் காசநோய் இல்லை என்று வந்தது. பிறகு வேறொரு ஆஸ்பத்திரியில் எடுத்தோம். அங்கே இருந்த அக்கா முதலில் தானே ஊதிக் காட்டினார், பக்கத்தில் நின்று விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். மருந்துக்கு முன் எஃப்.வி.சி 2.60, எஃப்.இ.வி.1 1.45, விகிதம் 56 சதவீதம். மருந்துக்குப் பின் 2.75, 1.54, விகிதம் அதே 56. எஃப்.இ.வி.1 இருக்க வேண்டிய அளவில் 62 சதவீதம் என்று இருக்கிறது. இரண்டாம் நிலை சி.ஓ.பி.டி என்று சொல்லி, தினமும் ஒரு முறை எடுக்கும் டையோட்ரோபியம் இன்ஹேலர் கொடுத்திருக்கிறார்கள். இதய டாக்டரும் பார்த்தார், இசிஜியை ஒரு இடைவெளி கீழே வைத்து எடுக்கச் சொன்னார், அந்த வரி வரவில்லை. அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க மருந்து ஏற்றிச் செய்யும் ஒரு எக்கோ எழுதியிருக்கிறார், அடுத்த வாரம்.

அப்பா ஒன்றைச் சொன்னார், இதுவரை யாரும் கேட்கவே இல்லை. வேலை பார்த்த காலம் முழுக்க, வார லீவு முடிந்து மில்லுக்குப் போகிற முதல் நாள்தான் நெஞ்சு இறுக்கும், அடுத்தடுத்த நாளில் பரவாயில்லை என்று இருக்குமாம். இதற்கும் பஞ்சுத் தூசிக்கும் சம்பந்தம் உண்டா?

நெஞ்சகநோய்_டாக்டர் எழுதியது:

உண்டு, நிறையவே உண்டு. இந்த ஒரு விவரத்தை அவர் வாயிலிருந்து வாங்கியதற்கு நன்றி. பைசினோசிஸ் என்ற பஞ்சுத் தூசி நோயின் மிகத் தெளிவான அடையாளமே லீவுக்குப் பிறகு வருகிற முதல் நாள் இறுக்கம்தான். ஆரம்பத்தில் அந்த ஒரு நாள் மட்டும், பிறகு வாரத்தின் மற்ற நாட்களிலும், கடைசியில் சி.ஓ.பி.டி-யிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாத நிரந்தர அடைப்பு. புளோரூமிலும் கார்டிங்கிலும்தான் தூசி அதிகம். பீடியும் சேர்ந்தால் சேதம் இன்னும் கூடும். அப்பாவின் கேஸ் ஷீட்டில் அவர் என்ன வேலை, எந்தப் பிரிவில், எத்தனை வருடம் என்பதை டாக்டர் கையால் எழுத வையுங்கள், 'எக்ஸ் ஸ்மோக்கர்' என்று மட்டும் எழுதி முடித்துவிடப் போகிறார்கள்.

இன்றைய எண்களைப் பற்றி: மருந்துக்குப் பிறகு 90 மி.லி, அதாவது 6 சதவீதம்தான் ஏறியிருக்கிறது, குறிப்பிடத்தக்க ஏற்றம் இல்லை. இந்த 1.54 லிட்டரைக் குறித்து வையுங்கள். வருடம் ஒரு முறை இதே இடத்தில், இதே மெஷினில் எடுத்து இது எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று பார்க்க வேண்டும். இன்ஹேலரைச் சரியாக இழுக்கிறாரா என்று ஒவ்வொரு முறையும் டாக்டர் முன்னால் செய்து காட்டச் சொல்லுங்கள். ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகளைப் பற்றியும் கேளுங்கள்.

பஞ்சாலைத்_தொழிலாளி எழுதியது:

தம்பி, நான் கோவையில் மில்லில் இருந்து ரிட்டயர் ஆனவன், சங்கத்தில் இருந்தவன். பைசினோசிஸ் சாதாரண இருமல் மாதிரி விட்டுவிடுகிற விஷயம் இல்லை. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தில் அறிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் இடம்பெற்றது, ஈஎஸ்ஐ-யின் தொழில்சார் நோய்ப் பட்டியலிலும் இருக்கிறது. அப்பாவுக்கு ஈஎஸ்ஐ அட்டை இருந்தால் டிஸ்பென்சரி டாக்டரிடம் இந்த ஸ்பைரோமெட்ரி ரிப்போர்ட், இசிஜி, எக்கோ மூன்றையும் கொடுத்து, தொழில்சார் நோய் என்று ஸ்பெஷல் மெடிக்கல் போர்டுக்கு அனுப்பச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சில் கேட்டால் காலம்தான் போகும். எந்தப் பிரிவில் எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை வேலை பார்த்தார் என்பதற்குச் சம்பளச் சீட்டு, பழைய அடையாள அட்டை எது இருந்தாலும் சேர்த்து வையுங்கள். எங்கள் காலத்தில் பலர் நெஞ்சு அடைத்தே போய்ச் சேர்ந்தார்கள், ஒருவர் கையிலும் ஊதிப் பார்த்த பேப்பர் இல்லை, அதனால் ஒன்றையும் நிரூபிக்க முடியவில்லை.

வேடசந்தூரான் எழுதியது:

அட்டை இருக்கிறது ஐயா, திங்கட்கிழமை எழுதிக் கொடுக்கிறேன். டாக்டர் சாரிடம் கடைசியாக ஒன்று. ஷிஃப்ட்டுக்கு முன்னும் பின்னும் ஊத வைத்து வித்தியாசம் பார்ப்பார்கள் என்று படித்தேன். அப்பா இப்போது மெடிக்கல் லீவில் இருக்கிறார். அந்த டெஸ்ட்டுக்காக அவரை ஒரு நாள் கார்டிங்குக்கு அனுப்பி, இன்ஹேலரையும் நிறுத்த வேண்டியிருக்குமா?

நெஞ்சகநோய்_டாக்டர் எழுதியது:

வேண்டாம். லீவுக்குப் பிறகு வருகிற முதல் நாளில் ஷிஃப்ட் தொடங்கும் முன்பும் முடிந்த பிறகும் எஃப்.இ.வி.1 பார்ப்பது வேலையில் இருக்கிறவர்களைக் கண்காணிக்க நல்ல முறை, இளம் வயதுத் தொழிலாளர்களுக்கு வருடா வருடம் செய்தால் நிரந்தர அடைப்பு வருவதற்கு முன்பே பிரிவு மாற்றிக் காப்பாற்றலாம். ஏற்கெனவே அடைப்பு உறுதியாகிவிட்ட ஒருவரை, எக்கோ டெஸ்ட் வேறு பாக்கி இருக்கும்போது, ஆதாரத்துக்காகத் தூசிக்குள் அனுப்புவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். இப்போது கையில் இருக்கும் ஸ்பைரோமெட்ரியும், அவர் சொன்ன முதல் நாள் இறுக்கமும், வேலை விவரமும் சேர்ந்தே போர்டு முன்னால் வைக்கப் போதுமான அடிப்படை. டையோட்ரோபியத்தை உங்களாக நிறுத்தாதீர்கள். போர்டு மறுபடி ஊதச் சொன்னால், எதை எவ்வளவு நேரம் நிறுத்துவது என்று அவர்களே எழுதித் தருவார்கள். லீவு முடிந்து திரும்பினால் புளோரூம், கார்டிங் இரண்டும் வேண்டாம், தூசி இல்லாத பிரிவு கொடுக்க வேண்டும் என்று அங்கே அப்பாவைப் பார்க்கிற நுரையீரல் டாக்டரிடம் இப்போதே சான்றிதழ் வாங்கி வையுங்கள்.